கண்டனம் என்னும் சொல்: பொருளும் ஆட்சியும்

ஏற்காட்டில் ஒண்டிக்கடைச் சந்திப்பின் அருகே ஒரு சுவரில் மூன்று சுவரொட்டிகள் ஒட்டப்பட்டிருந்ததை அண்மையில் காண நேர்ந்தது. மூன்றும் வெவ்வேறு தரப்பினருடையவை. மூன்றிலும் பெரிய எழுத்தில் நின்ற சொல் ஒன்றே: கண்டனம். யாரைக் கண்டிக்கின்றனர் என்பது மூன்றிலும் தெளிவாக இருந்தது. எதன்பொருட்டுக் கண்டிக்கின்றனர் என்பது ஒன்றில் மட்டுமே இருந்தது. காஞ்சியிலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்னும் வாய்மொழி மரபுடைய மலையாளிப் பழங்குடியினர் சேர்வராயனை வழிபட்டு வரும் அம்மலையிலிருந்து இறங்கும்போது, நம் சாத்திரங்களில் பெருவழக்காயுள்ள இச்சொல் இந்நிலைக்கு வந்து சேர்ந்த வரலாற்றை எழுதவேண்டும் என்று தோன்றியது. பூர்வபக்ஷமும் சித்தாந்தமும் பயில்வோர்க்கு இது வெறும் அகராதி ஆராய்ச்சியன்று. ஒரு கருத்தையோ செயலையோ ஏற்கமாட்டோம் என்று முறைப்படி அறிவிக்கும்போது நாம் மேற்கொள்ளும் கடமை யாது என்பதே இங்கு வினா.

சொல்லின் பிறப்பு

கண்டனம் என்பது வடமொழியில் உடைத்தல், துணித்தல் என்னும் பொருளுடைய தாதுவினின்று பிறந்தது. துண்டு என்று பொருள்படும் கண்டம், துண்டுபடாதது என்று பொருள்படும் அகண்டம் ஆகியவை இதன் உறவுச் சொற்கள். கற்கண்டில் உள்ள கண்டும் சர்க்கரைக் கட்டியைக் குறிக்கும் அதே சொல்லே. கழுத்தைக் குறிக்கும் கண்டமும், ஆபத்தைக் குறிக்கும் கண்டமும் வடமொழியில் வேறு எழுத்துக்களால் எழுதப்படும் வேறு சொற்கள். தமிழெழுத்தில் மூன்றும் ஒரே வடிவம் பெற்றமையால் சிலர் அவற்றை ஒன்றாகக் கருதி மயங்குவதுண்டு.

தமிழில் இத்தாது வழிவந்த சொற்கள் ஒரு வரிசையாகப் பொருள் மாறியுள்ளன. கண்டிதம் என்பது ஐயத்தைத் துணித்து முடிவு கூறுதல். கண்டிப்பு என்பது விலக்கில்லாத உறுதி. கண்டித்தல் என்பது பிழை செய்தவரைக் கடிந்து கூறுதல். உடைத்தல் துணிதலாகி, துணிதல் உறுதியாகி, உறுதி கடிதலாயிற்று. இவ்வரிசையின் தொடக்கத்தில் உடைபடும் பொருள் ஒரு கருத்து. முடிவில் கடியப்படுபவர் ஓர் ஆள். கண்டனம் என்னும் சொல்லின் வரலாறு முழுவதும் இவ்விரு முனைகளுக்கிடையே நிகழ்ந்ததேயாம்.

தர்க்கத்தில் கண்டனம்

12ஆம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர் இயற்றிய கண்டனகண்டகாத்யம் இச்சொல்லைத் தலைப்பிலேயே கொண்டது. கண்டனம் என்னும் கற்கண்டுத் தின்பண்டம் என்று அதன் பெயர் சிலேடையாகப் பொருள்படும். நையாயிகர்கள் கூறும் இலக்கணங்களை ஒவ்வொன்றாக எடுத்து உடைப்பது அந்நூல். தனக்கென ஒரு பக்ஷத்தை நிறுவுவது அதன் நோக்கமன்று. நியாயசூத்திரத்தின் பாகுபாட்டில் இது விதண்டை எனப்படும். உண்மையை அறியும்பொருட்டு நிகழும் உரையாடல் வாதம். வெற்றியின்பொருட்டு நிகழ்வது ஜல்பம். தன் கட்சியை நிறுவாமல் எதிர்க்கட்சியை மட்டும் தாக்குவது விதண்டை.

13ஆம் நூற்றாண்டில் மத்வாசாரியர் இயற்றிய உபாதிகண்டனம், மாயாவாதகண்டனம், மித்யாத்வானுமானகண்டனம் ஆகிய மூன்றும் கண்டனத்ரயம் எனப் பெயர் பெற்றன. இம்மூன்று தலைப்புகளிலும் கண்டனத்துக்கு இலக்கானது ஒரு கோட்பாடு அல்லது ஓர் அனுமானம். எவருடைய பெயரும் அங்கில்லை. சொல்லாட்சியின் இந்தச் சிறு நுட்பத்தை இக்கட்டுரையின் பிற்பகுதியில் நினைவுகூர வேண்டியிருக்கும்.

கண்டனம் செய்வோன் எவ்வெவ்வாறு தவறக்கூடும் என்பதை நியாயசூத்திரத்தின் இறுதி அத்தியாயம் வகுத்துரைக்கிறது. தோல்வித் தானங்களாகிய நிக்ரஹஸ்தானங்கள் 22. அவற்றுள் நான்கு நம் பொருளுக்கு நேரே உரியவை. முதலாவது அனனுபாஷணம்: எதிரி மும்முறை கூறி, அவையோரும் விளங்கிக்கொண்ட ஒன்றைத் திரும்ப எடுத்துரைக்க இயலாமை. இரண்டாவது மதானுஜ்ஞை: தன்மேல் கூறப்பட்ட குற்றத்தை விலக்காமல், உன்னிடத்தும் அக்குற்றம் உண்டே என்று கூறி அதனை ஏற்றுக்கொண்டவனாதல். மூன்றாவது பர்யனுயோஜ்யோபேக்ஷணம்: சுட்டிக்காட்ட வேண்டிய குற்றத்தைக் காட்டாது விடுதல். நான்காவது நிரனுயோஜ்யானுயோகம்: குற்றமில்லாத இடத்தில் குற்றம் கூறுதல்.

ஆகவே, கண்டிக்கத்தக்கதைக் கண்டிக்காதிருத்தலும் தோல்வி, கண்டிக்கத்தகாததைக் கண்டித்தலும் தோல்வி. எதிரியின் சொல்லை அவனே ஏற்குமாறு எடுத்துரைக்க மாட்டாதவன் விடை கூறும் நிலையையே அடைவதில்லை.

தமிழ் மரபிலும் இவ்வொழுங்கு உண்டு. நன்னூலார் கூறும் எழுவகை மதங்களில் மறுத்தல் ஒன்று. பிறர் மதத்தை முதலில் மேற்கொண்டு பின் களைதல் மற்றொன்று. பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதல் வேறொன்று. இம்மூன்றையும் ஒன்றாக்காமல் தனித்தனியே எண்ணியது கருதத்தக்கது. ஏற்கவில்லை என்று கூறுவது ஒரு செயல். ஏற்று ஆராய்ந்து நீக்குவது அதனினும் கடினமான செயல். குற்றம் இன்னது என்று சுட்டுவது அவ்விரண்டினும் வேறானது.

நிந்தை, தூஷணம், கண்டனம்

இங்கு மூன்று சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். நிந்தை என்பது இழித்துரை. வேதத்தில் வரும் நிந்தைக்கும் மீமாம்சகர்கள் ஒரு வரையறை கூறுவர்: ஒன்றை இழித்துரைக்கும் வாக்கியம் அதனை இழிவுபடுத்தும் நோக்குடையதன்று, விதிக்கப்பட்ட மற்றொன்றைப் புகழும் நோக்குடையது. அதாவது இழித்துரையும் ஒரு விதிக்கு அங்கமாக நின்றால்தான் அதற்குப் பயன் உண்டு.

தூஷணம் என்பதற்கு இருபொருள். தர்க்கத்தில் அது எதிர்வாதத்திலுள்ள தோஷத்தை எடுத்துக்காட்டல். உலகவழக்கில் அவதூறு. வேதாந்த தேசிகர் (1268–1369) இயற்றிய சததூஷணியில் இச்சொல் முதற்பொருளில் வருகிறது. நூறு தூஷணங்கள் என்று பெயர் பெற்ற அந்நூலில் இன்று கிடைப்பவை 66 வாதங்கள். பிரமாணங்களின் உண்மையை ஒப்பாதவனுக்கு வாதம் செய்யும் அதிகாரம் உண்டா என்னும் வினாவும் அவற்றுள் ஆராயப்படுகிறது. தன் கட்சியை நிறுவாத கண்டனத்தை நம் மரபு எவ்வாறு நோக்கிற்று என்பதற்கு அவ்வாராய்ச்சியே சான்று. தேசிகர் தமிழில் அருளிய பரமதபங்கத்தின் தலைப்பிலும் உடைத்தல் என்னும் பொருளே உள்ளது. அங்கும் உடைபடுவது மதம், மதத்தைக் கொண்டவரல்லர்.

தூஷணம் என்பதன் மற்றப் பொருள் தமிழில் பெருகியதற்கு ஓர் அடையாளம் சேலத்துக்கு அண்மையிலேயே கிடைக்கிறது. மதுரையிலிருந்து புறப்பட்ட இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி 1623இல் சேந்தமங்கலத்துக்கும் சேர்வராயன் மலையடிவாரத்திலுள்ள சேலத்துக்கும் வந்தவர். அவர் எழுதிய தமிழ் நூல்களுள் ஒன்று தூஷண திக்காரம். அத்தலைப்பில் தூஷணம் என்பது தம் சமயத்தின்மேல் கூறப்பட்ட அவதூறு. திக்காரம் என்பது அதனைக் கடிந்து விலக்குதல். 1854இல் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் வெளியிட்ட சைவ தூஷண பரிகாரத்திலும் அச்சொல் அப்பொருளதே. எதிர்த்தரப்பினர் இருவரும் ஒரே சொல்லை ஒரே பொருளில் ஆண்டனர்: தூஷணம் பிறர் செய்வது, பரிகாரம் தாம் செய்வது.

தூஷணம் இவ்வாறு அவதூறாகச் சுருங்கிய பின்னர், நேரிய மறுப்பைக் குறிக்கக் கண்டனம் என்னும் சொல்லே எஞ்சியது. அச்சுப்பொறி பரவிய 19ஆம் நூற்றாண்டில் கண்டன நூல் என்பது ஒரு தனிவகையாயிற்று. ஒன்றுக்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு எனத் துண்டு வெளியீடுகள் தொடர்ந்தன. நா. கதிரைவேற்பிள்ளையின் புத்தமத கண்டனம் போன்ற தலைப்புகள் பழைய இலக்கணத்தையே பின்பற்றின. ஆயினும் உள்ளடக்கத்தில் கருத்தினின்று ஆளுக்குத் தாவும் போக்கு வலுத்தது. அருட்பா–மருட்பாப் பூசல் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றதை அனைவரும் அறிவர். நம் இல்லத்துக் கலைப்பூசல்களும் திருமண்காப்பின் வடிவத்தையும் கோயில் முறைகளையும் பற்றி வழக்குமன்றங்களில் நெடுங்காலம் நின்றன. ஆகையால் பிறரைச் சுட்டி நாம் அமைதி கொள்ள இயலாது. அது மதானுஜ்ஞை ஆகும்.

மரபின் உள்ளே ஒரு கண்டனம்

கண்டனத்தின் இலக்கணத்தை விளக்கப் புறச்சமய வாதங்களைக் காட்டிலும் நம் ஈட்டு மரபு கூறும் ஒரு நிகழ்ச்சி மிகவும் உதவும். எம்பெருமானார் திருமாலையாண்டானிடம் திருவாய்மொழிக்குப் பொருள் கேட்டுவந்தார். இரண்டாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில் மூன்றாம் பாசுரத்துக்கு ஆண்டான் கூறிய பொருளோடு எம்பெருமானார் மாறுபட்டார். முன்பின் பாசுரங்கள் நன்றியறிதலைக் கூறும்போது இடையில் உள்ளது மட்டும் முறையீடாக இருத்தல் பொருந்தாது என்பது அவர் காரணம். ஆண்டான் இதனை ஏற்கவில்லை. ஆளவந்தார் அருளிச்செய்ய நாம் கேளாத பொருள் இது என்றும், விசுவாமித்திர சிருஷ்டி என்றும் கூறிக் காலக்ஷேபத்தை நிறுத்திவிட்டார்.

இது முறைப்படி அமைந்த ஒரு கண்டனம். சொல்லும் உண்டு, செயலும் உண்டு. ஆனால் ஆண்டான் எம்பெருமானாரைப் பற்றி யாதும் கூறவில்லை. அவர் கூறிய பொருளைப் பற்றியே கூறினார். காரணமும் கூறினார்: ஆசாரிய வாக்கில் கேட்கப்படாமை. காரணம் வெளிப்படையாக இருந்தமையாலேயே அதனை ஆராயவும் இயன்றது. திருக்கோட்டியூர் நம்பி செய்தியறிந்து வந்தார்; மாறுபட்ட பொருள் யாது என்று வினவினார்; அதனைக் கேட்டதும், ஆளவந்தார் அவ்வாறு அருளிச்செய்யத் தாம் கேட்டதுண்டு என்றார். கண்டனத்துக்குக் கூறிய காரணம் நீங்கியது, கண்டனமும் நீங்கியது. காலக்ஷேபம் தொடர்ந்தது. ஆண்டான் வெறுமனே ஏலாது என்று கூறி எழுந்திருந்தால் நம்பிக்கு விடை கூற இடமே இருந்திராது.

இந்நிகழ்ச்சியில் மற்றொன்றும் உண்டு. இரு பொருள்களையும் வியாக்கியாதாக்கள் நீக்கிவிடாமல் வைத்தனர். ஆண்டான் நிர்வாகமும் எம்பெருமானார் நிர்வாகமும் அருகருகே நின்று நம்மை வந்தடைந்தன. மறுக்கப்பட்ட கருத்தை அழிக்காமல் பாதுகாத்தல் ஈட்டு மரபின் பண்பு. ஸ்ரீபாஷ்யத்திலும் ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் மகாபூர்வபக்ஷம் என்னும் நீண்ட பகுதி முடிந்த பின்னரே மகாசித்தாந்தம் தொடங்குகிறது. எதிர்க்கட்சி தன் முழு வலிமையோடு எழுந்து நின்ற பின்னரே அதற்கு விடை கூறப்படுகிறது.

வாதம் முடிந்தபின் தோற்றவரின் நிலை யாது என்பதற்கும் குருபரம்பரை சான்று தருகிறது. யக்ஞமூர்த்தி என்னும் ஏகதண்டி சந்நியாசி திருவரங்கத்தில் எம்பெருமானாரோடு 18 நாள் வாதிட்டுத் தோற்றார் என்பது வரலாறு. அவர் அருளாளப்பெருமாள் எம்பெருமானார் எனத் தம் ஆசாரியரின் பெயரையே பெற்றார். ஞானசாரமும் பிரமேயசாரமும் இயற்றினார். அவருடைய கருத்து உடைந்தது, அவர் உடையவில்லை.

பிள்ளை லோகாசாரியரும் ஸ்ரீவசனபூஷணத்தில் தம்மிடத்துக் குற்றம் செய்தவர்பால் பொறை, கிருபை, சிரிப்பு, உகப்பு, உபகார நினைவு ஆகியவை வேண்டும் என்கிறார். அவ்வளவு கூறும் அவரே பாகவதாபசாரத்தைக் கண்டிப்பதில் சிறிதும் தளர்வதில்லை. தமக்கு நேர்ந்த தீங்கில் பொறையும் பிறர்க்கு நேர்ந்த தீங்கில் கண்டிப்பும் ஒருங்கே நிற்கக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

அரசியலில் கண்டனம்

20ஆம் நூற்றாண்டில் இச்சொல் சட்டமன்றத்துக்கும் அலுவலகத்துக்கும் சென்றது. ஆட்சிமன்ற நடைமுறையில் கண்டனத் தீர்மானம் வேறு, நம்பிக்கையில்லாத் தீர்மானம் வேறு. அமைச்சரவையின்மேல் நம்பிக்கை இல்லை என்பதற்குக் காரணம் குறிப்பிடவேண்டுவதில்லை. அது நிறைவேறினால் அமைச்சரவை விலகவேண்டும். கண்டனத் தீர்மானமோ இன்ன கொள்கைக்காக, இன்ன செயலுக்காக என்று காரணம் குறித்தே கொண்டுவரப்படவேண்டும். அது நிறைவேறினாலும் அரசு பதவி விலகவேண்டிய கட்டாயமில்லை. பதவியைப் பறிக்கும் தீர்மானத்துக்குக் காரணம் வேண்டா. பதவியைத் தொடாத தீர்மானத்துக்குக் காரணம் வேண்டும். முதல் நோக்கில் வியப்பளிக்கும் இவ்விதி, கண்டனம் என்னும் சொல்லின் பழைய இலக்கணத்தோடு முற்றும் பொருந்துகிறது. கண்டனத்தின் வலிமை முழுவதும் அதன் காரணத்தில் உள்ளது. காரணத்தை நீக்கினால் எஞ்சுவது யாதுமில்லை.

அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளிலும் கண்டனம் என்பது ஒரு தண்டனை. சிறு தண்டனைகளின் வரிசையில் முதலாவது. தமிழ்நாட்டில் 17(அ) என்று ஊழியர்கள் அழைக்கும் நடைமுறைப்படி, குற்றச்சாட்டை எழுத்தில் தந்து, விளக்கம் பெற்று, அவ்விளக்கத்தை ஆராய்ந்த பின்னரே அதனை விதிக்கவேண்டும். குற்றச்சாட்டு, விளக்கம், ஆராய்ச்சி, முடிவு என்னும் இவ்வரிசை நம் அதிகரண அங்கங்களை நினைவூட்டுகிறது.

எதிர்த்தரப்பைக் கேளாத கண்டனம் செல்லாது என்பதை நிலைநாட்டிய பழைய வழக்குகளுள் ஒன்று சேலத்திலேயே எழுந்தது. வைணவக் குடும்பத்திற் பிறந்து, சேலத்தில் வழக்கறிஞராயிருந்தவர் சே. விஜயராகவாசாரியார் (1852–1944). பின்னாளில், 1920இல், நாகபுரிக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர். 1882இல் சேலத்தில் ஒரு மசூதியை முன்னிட்டு நிகழ்ந்த கலவரத்தைத் தூண்டியவர் என்று அவர்மேல் குற்றம் சாட்டப்பட்டது. தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலையானார். இதனிடையே அவரை அரசு நகரசபை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கியிருந்தது.

அந்நீக்கத்தை எதிர்த்து அவர் இந்தியச் செயலரின்மேல் வழக்குத் தொடுத்தார். முறையான அறிவிப்பும் விசாரணையும் இன்றி ஒருவரைக் குற்றவாளியாகக் கொள்வதும் பதவியினின்று நீக்குவதும் இயற்கை நீதிக்கு மாறானவை என்று 1884இல் சென்னை உயர்நீதிமன்றம் கருதியது. அவருக்குக் கிடைத்த இழப்பீடு 100 ரூபாய். அத்தீர்ப்பு இயற்கை நீதியைப் பற்றிய ஆராய்ச்சிகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

அத்தீர்ப்பை எழுதியோர் நியாயசூத்திரத்தை நோக்கினார் அல்லர். ஆங்கிலேயச் சட்டநெறியை நோக்கினர். எனினும் இரு நெறிகளும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. எதிரியின் கூற்றை எடுத்துரையாதவன் தோற்றான் என்று ஒன்று கூறுகிறது. எதிரியின் கூற்றைக் கேளாதவன் முடிவு செல்லாது என்று மற்றொன்று கூறுகிறது.

ஓர் ஆக்ஷேபம்

இங்கு ஓர் ஆக்ஷேபம் எழலாம். வாதசபையில் இருவரும் சமானர். தெருவில் நின்று கண்டனம் எழுப்புவோர் பெரும்பாலும் எளியவர்; கண்டிக்கப்படுவோர் வலியவர். கூலி கிடைக்காத தோட்டத் தொழிலாளியிடம் பூர்வபக்ஷத்தை அனுவாதம் செய் என்று கேட்பது தகுமோ எனின், தகாது. அநீதியுற்றவர் எழுப்பும் குரல் வாதமன்று, முறையீடு. முறையீட்டுக்கு வாதத்தின் அங்கங்கள் அனைத்தும் வேண்டா.

எனினும் முறையீட்டுக்கும் காரணம் உண்டு. அது பெரும்பாலும் ஒரு வரியில் அடங்கும். ஒண்டிக்கடைச் சுவரில் காரணம் கூறிய அந்த ஒரு சுவரொட்டி தோட்டத் தொழிலாளருடையது. எத்தனை மாதக் கூலி நிலுவை என்று அதில் எண்ணால் எழுதியிருந்தது. படிப்போர் அதனை ஆராயலாம். குற்றஞ்சாட்டப்பட்டவர் அதற்கு விடை கூறலாம். நிலுவை தீர்ந்தால் கண்டனமும் தீரும். மற்ற இரண்டிலும் இருந்தவை பெயர்களும் வசைமொழிகளுமே. அவற்றுக்கு விடை கூறுவது எவராலும் இயலாது. பழைய இலக்கணப்படி அவை நிந்தை. எவ்விதிக்கும் அங்கமாகாத நிந்தை. சாத்திரம் அறியாதவர் என்று நாம் எண்ணக்கூடியவர்களே அச்சுவரில் கண்டனத்தின் இலக்கணத்தைக் காத்திருந்தனர்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் தேறும் பொருள் இது. கண்டனம் என்னும் சொல் தன் வரலாற்றின் சிறந்த இடங்களிலெல்லாம் மூன்றை உடன்கொண்டு நின்றது: மறுக்கப்படுவது ஆளன்று, கருத்தோ செயலோ; அது இன்னது என்று அவரே ஒப்புமாறு எடுத்துரைத்தல்; மறுத்தற்குக் காரணம். இம்மூன்றும் உள்ளவிடத்துக் கண்டனத்துக்கு விடை உண்டு. விடை உள்ளவிடத்து உறவும் எஞ்சும். ஆண்டானும் எம்பெருமானாரும் மீண்டும் ஒருங்கமர்ந்து திருவாய்மொழி அனுபவித்தது அவ்வாறே.

இவ்வகையில் அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. சததூஷணிக்கு மறுப்பாக அனந்தகிருஷ்ண சாஸ்திரிகள் 20ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலுக்குச் சதபூஷணி என்று பெயரிட்டார். தூஷணம் என்றதனைப் பூஷணமாக்கியது அப்பெயர். அதற்கு மறுப்பெழுதிய உத்தமூர் வீரராகவாசாரியார் தம் நூலுக்குப் பரமார்த்தபூஷணம் என்று பெயரிட்டார். ஆறு நூற்றாண்டுகள் கழித்தும் ஒருவர் வாதத்தை ஒருவர் வரிவரியாக எடுத்துரைத்து விடை கூறினர். மறுப்பு நூலுக்கும் அணி என்றே பெயர் வைக்கும் மனநிலை அவ்விருவர்க்கும் இருந்தது.

நம் இதழ்களிலும் சபைகளிலும் கண்டனம் எழுதும் தருணங்கள் இனியும் வரும். அப்போது எழுதுகோலை எடுக்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றே. நாம் மறுப்பவர் தம் கருத்தை நம் எழுத்தில் படித்து, ஆம், யான் கூறியது இதுவே என்று ஒப்புவாரா? ஒப்புவாராயின் அதன்பின் எழுதுவது கண்டனம். ஒப்பாராயின், எத்தனை பிரமாணங்களை அடுக்கினும், அனனுபாஷணம் என்னும் தோல்வித் தானத்திலேயே நாம் நிற்கிறோம்.